மக்கள் கருத்து: யாரைக் கேட்டார்கள்?



அரசாங்கம் நடத்திவரும் ஒரு மருத்துவமனையையோ, முதியோர் உதவித்தொகை வழங்கும் ஓர் அலுவலகத்தையோ தனியாரிடம் ஒப்படைக்கலாமா என்று உங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் அரசு அலுவலகம் ஒன்றில் அலைக்கழிக்கப்பட்டவராக நீங்கள் இருந்தால், 'தாராளமாகக் கொடுக்கட்டும்' என்பீர்கள். தனியார் மருத்துவமனையின் கட்டணச் சீட்டை நேற்றுக் கையில் வாங்கியவராக இருந்தால், 'கூடவே கூடாது' என்பீர்கள். கேள்வி ஒன்றுதான். நீங்கள் எந்த வாசலில் நின்று திரும்பினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இவ்விரு விடைகளையும் ஒரே கூடையில் போட்டு எண்ணி, 'மக்களில் இத்தனை விழுக்காட்டினர் தனியார்மயத்தை ஆதரிக்கின்றனர்' என்று ஏடுகள் எழுதுகின்றன. அரசுகளும் அந்த எண்ணிக்கையைக் காட்டித் தம் முடிவுகளை நியாயப்படுத்துகின்றன.

கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். 'குறைந்த செலவில் விரைவான சேவை வேண்டுமா?' என்றால் வேண்டாம் என்பவர் யார்? 'உங்கள் தாயாருக்குக் கிடைக்கும் மருத்துவ உதவியை, இலாபம் கருதும் ஒரு நிறுவனம் கையாளலாமா?' என்றால் ஆம் என்பவர் யார்? இரண்டும் ஒரே ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்விகளாகவே இருக்கக்கூடும்.

இவற்றைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. சாலை, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஏழைகளுக்கான மருத்துவ உதவி, உணவு உதவி, மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்பு போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைப் பெறுவோர் சிலர். அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்வோர் பலர். வரிசையில் ஒரு நாளும் நின்றிராதவர்களின் எண்ணமே பெரும்பான்மைக் கருத்தாகிவிடுகிறது. வரிசையில் நிற்பவரின் குரல் எண்ணிக்கையில் கரைந்து போகிறது. இதை வெறும் வாதமாக அடுக்கினால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும். ஆகவே, ஆவணங்களில் பதிவாகியுள்ள இரண்டு வரலாறுகளைச் சொல்கிறேன். ஒன்று அமெரிக்காவில் நடந்தது, மற்றொன்று ஜெர்மனியில்.

இண்டியானாவின் கதை

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள இண்டியானா மாநிலத்தில் 2005 ஜனவரியில் மிட்ச் டேனியல்ஸ் கவர்னராகப் பொறுப்பேற்றார். (அங்கே கவர்னர் என்பவர் நம் நாட்டைப் போல் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கே முதலமைச்சர் ஆள்வதைப் போல் ஆட்சி செய்பவர்.) அதற்கு முன் அதிபர் புஷ்ஷின் அரசில் வரவு செலவுத் திட்ட அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் அவர். 2006-ல் மாநிலத்தின் வடபகுதியில் ஓடும் சுங்கச் சாலையை 75 ஆண்டுகளுக்கு, 380 கோடி டாலருக்கு, வெளிநாட்டு நிறுவனங்களிடம் குத்தகைக்கு விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஏழைகளுக்கான நலத்திட்டங்களின் நிர்வாகமும் ஒப்பந்தத்துக்குப் போயிற்று.

எந்தெந்தத் திட்டங்கள்? வருவாய் குறைந்தோருக்கான மருத்துவ உதவியாகிய 'மெடிக்கெய்ட்', 'ஃபுட் ஸ்டாம்ப்' எனப்படும் உணவு உதவி, குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான தற்காலிகப் பண உதவி ஆகிய மூன்று. நம் ரேஷன் அட்டையையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் ஒருசேர எண்ணிக்கொண்டால், அம்மக்களுக்கு அவை எத்தகையவை என்பது விளங்கும். இவற்றுக்கு யார் தகுதியுடையவர் என்று விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியைப் பத்து ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 130 கோடி டாலருக்கு, ஐ.பி.எம். நிறுவனம் தலைமையிலான குழு ஏற்றுக்கொண்டது. அக்குழுவில் ஏ.சி.எஸ். என்ற நிறுவனம் முக்கியமான துணை ஒப்பந்தக்காரர். மாநில நலத்துறையின் செயலாளராக அப்போது இருந்தவர், முன்னர் அதே ஏ.சி.எஸ். நிறுவனத்தில் துணைத் தலைவராகப் பணியாற்றியவர். இதில் சட்டமீறல் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆயினும் இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டவுடன் புருவம் உயர்வது மனித இயல்பு.

பழைய முறை நன்றாக இருந்தது என்று எவரும் வாதாட முடியாது. கோப்புகள் தேங்கின; தவறுகள் மலிந்தன; ஊழியர்கள் சிலரே மோசடியில் சிக்கினர். கவர்னர் அதைச் சீர்திருத்த விரும்பியதில் குற்றமில்லை. அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் கருணையுள்ளவர் ஆகிவிடுவதில்லை என்பது, மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக அலைந்த எவருக்கும் தெரியும்.

ஆனால் எச்சரிக்கைகள் முன்பே இருந்தன. 1996-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், டெக்சாஸ் மாநிலம் இதே பணியைத் தனியாருக்கு விட முயன்றது. மெடிக்கெய்ட், உணவு உதவி ஆகியவற்றுக்கான தகுதியை அரசு ஊழியர்தாம் முடிவு செய்ய வேண்டும் என்று 1997-ல் மத்திய அரசு மறுத்துவிட்டது. 2005-ல் டெக்சாஸ் வேறு வடிவில் அக்சென்சர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 2007-ல், அது முறிந்தது. இண்டியானாவில் மத்திய அரசின் விதிக்கு ஏற்ப, இறுதி முடிவுக்கான பொறுப்பை மட்டும் அரசு ஊழியரிடம் வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 1,500 ஊழியர்கள் தனியார் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஒருவர் கோப்பைத் தயாரிப்பார்; மற்றொருவர் கையெழுத்திடுவார். கோப்பில் காகிதம் இல்லையென்றால், கையெழுத்திடுபவர் என்ன செய்வார்?

2007 அக்டோபரில் 12 மாவட்டங்களில் புதிய முறை தொடங்கியது. 2008 மே மாதத்துக்குள் மாநிலத்தின் 92 மாவட்டங்களில் 59-க்கு விரிந்தது. மாற்றத்தின் உயிர்நாடி என்னவென்றால், அதுவரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் நிலையறிந்த அலுவலர் ஒருவர் இருந்தார், இனி இல்லை. விண்ணப்பதாரர் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும். எந்த மையத்திலிருந்தோ யாரோ பதில் சொல்வார். மறுமுறை அழைத்தால் வேறொருவர். பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் மாரியன் என்ற ஊரிலுள்ள ஆவண மையத்துக்குத் தொலைநகலில் அனுப்ப வேண்டும். அனுப்பிய ஆவணங்கள் பல அங்கே போய்க் காணாமற் போயின. ஏழைகளுக்காக வாதாடியவர்கள் அந்த மையத்தைக் கருந்துளைக்கு ஒப்பிட்டார்கள். உள்ளே போனது எதுவும் வெளியே வராது என்பது பொருள்.

ஆவணம் கிடைக்கவில்லையென்றால் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். தகுதியை நிறுவுவதில் நீங்கள் 'ஒத்துழைக்கத் தவறினீர்கள்', ஆகவே உங்கள் உதவி நிறுத்தப்படுகிறது என்று. எந்தக் காகிதம் இல்லை, எந்த இடத்தில் கையெழுத்து விடுபட்டது என்பது அதில் இராது. மாணவனின் விடைத்தாளில் எந்தக் கணக்கு தவறு என்று குறிக்காமல், 'நீ தேறவில்லை' என்று மட்டும் எழுதித் திருப்பித் தரும் ஆசிரியரை நீங்கள் ஏற்பீர்களா? நாற்பது பக்கம் அனுப்பியவர் மறுபடியும் நாற்பது பக்கம் அனுப்பினார். இதற்கிடையே மருந்துக் கடையில் அட்டை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறையை ஆராய்ந்து 2018-ல் விர்ஜினியா யூபேங்ஸ் என்ற ஆய்வாளர் நூலொன்று எழுதினார். அதில் அவர் தரும் கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைவிட இது 54 விழுக்காடு அதிகம். உணவு உதவியில் நேர்ந்த பிழைகள் 2006-ல் 5.9 விழுக்காடாக இருந்தவை 2008-ல் 19.4 விழுக்காடாயின. உணவு உதவி கேட்டவர்களில் 12.2 விழுக்காட்டினர், தகுதியிருந்தும் தவறாக மறுக்கப்பட்டவர்கள்.

எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு பெண்மணி, குறித்த நேரத்தில் தம் தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள இயலவில்லை. வர இயலாத காரணத்தைச் சொல்லியும் மருத்துவ உதவி நிறுத்தப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2009-ல் அவர் இறந்தார். மேல்முறையீட்டில் அவருக்குச் சாதகமான தீர்ப்பு மறுநாள் வந்தது.

இது அந்த நிறுவனத்தாரின் தீய எண்ணத்தால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. ஒப்பந்தத்தில் எதை அளக்கிறார்களோ, அதையே ஒப்பந்தக்காரர் செய்வார். கோப்பு எத்தனை நாளில் முடிகிறது என்பதை அளந்தால், கோப்பு விரைவில் முடியும். உதவியை மறுப்பதும் கோப்பை முடிப்பதுதானே! சாலையில் பள்ளம் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்த்துவிடலாம். ஒரு தாய்க்கு அவளுடைய நிலைமை புரியும்படி விளக்கப்பட்டதா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? சுங்கச் சாலையை ஒப்பந்தத்துக்கு விட்ட அதே கையால் இதையும் விட்டதுதான் பிழை என்பது என் எண்ணம்.

தேர்தல் சொன்னதும் கூட்டங்கள் சொன்னதும்

இப்போது மக்கள் கருத்துக்கு வருவோம். 59 மாவட்டங்களில் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, 2008 நவம்பரில் இண்டியானாவில் கவர்னர் தேர்தல் வந்தது. டேனியல்ஸ் ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்குகள் பெற்று மறுபடியும் வென்றார். அதே நாளில் அதே மாநிலம், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒபாமாவுக்கு அதிபர் தேர்தலில் வெற்றி கொடுத்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆக, மக்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்சிக்கு வாக்களிக்கவில்லை. கவர்னரை விரும்பியே வாக்களித்தார்கள். இதை வைத்து, 'தனியார்மயத்தை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தால், கணக்கின்படி அவரை மறுக்க முடியாது.

உண்மை என்ன? அம்மாநிலத்தின் வாக்காளர்களில் பெரும்பாலோர் மாரியன் மையத்துக்கு ஒரு காகிதமும் அனுப்பியவர்கள் அல்லர். அவர்கள் சாலையையும் வரியையும் பார்த்து வாக்களித்தார்கள். அதில் தவறில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அதுதான்.

தெரிந்தவர்களின் கருத்து வேறு வழியில் வெளிப்பட்டது. 2008-ன் வசந்த காலத்திலேயே ஆண்டர்சன், மன்சி முதலிய ஊர்களில் பொதுக்கூட்டங்கள் கூடின. உதவி நிறுத்தப்பட்டவர்கள் ஒலிபெருக்கியின் முன் ஒருவர்பின் ஒருவராக வந்து தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழை தன் வறுமையை ஊரார் முன் எடுத்துச் சொல்வது எளிதான காரியமா? 'உதவி வாங்குகிறவள்' என்ற பெயர் வந்துவிடுமே என்று அஞ்சி வாய் திறவாத பெண்கள் எத்தனை பேர் நம் தெருக்களில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அப்படி இருந்தும் அங்கே பேசினார்கள். பத்திரிகைகள் அவற்றை வெளியிட்டன. எவன்ஸ்வில் நகரைச் சேர்ந்த, கவர்னரின் சொந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களே, இந்த முறையை மேலும் விரிவாக்காமல் நிறுத்த வேண்டும் என்று முன்வந்தார்கள். உணவு உதவியை மேற்பார்வையிடும் மத்திய வேளாண் துறையும் விரிவாக்கத்தைக் குறித்துக் கவலை தெரிவித்தது.

2009 அக்டோபரில் டேனியல்ஸ் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். திட்டத்தின் கருத்தே குறையுடையது, நடைமுறையில் அது வேலை செய்யவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அரசியலில் அப்படிச் சொல்பவர்கள் அரியர். அந்த அளவுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பின்னர் மாநிலமும் நிறுவனமும் ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்தன. 2012-ல் விசாரணை நீதிபதி, நிறுவனத்துக்கு மாநிலம் 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றார். தவறான அரசுக் கொள்கையும் நிறுவனத்தின் அளவுமீறிய ஆசையும் சேர்ந்து விளைத்த கேடு இது. இரு தரப்பாருக்கும் பழியுண்டு. தோற்றவர்கள் வரி செலுத்தும் மக்களே என்பது அவரது தீர்ப்பின் சாரம். மேல்முறையீடுகளில் காட்சி மாறியது. ஒப்பந்தத்தை அடிப்படையிலேயே மீறியது நிறுவனம்தான் என்று 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. 2017-ல் நிறுவனம் மாநிலத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இவ்வளவு தொகைகளில் ஒன்றும், மறுக்கப்பட்ட குடும்பங்களுக்காக விதிக்கப்பட்டதன்று.

அக்குடும்பங்களுக்குக் கிடைத்த நீதி வேறொரு வழக்கில் வந்தது. 2012 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், எந்தக் குறையினால் உதவி மறுக்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்காத மறுப்புக் கடிதங்கள் சட்டம் வேண்டும் நியாய முறைக்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. எளிய கோரிக்கைதான். ஆனால் அதற்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அமானிதமாகப் பெற்ற பொருளை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்து வைத்தால், உரியவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் சேர்ந்து கைமாறிவிடுவதில்லை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த நியாயம். இண்டியானாவில் ஏழை ஒருவர் அரசைக் கேட்டால் நிறுவனத்தைக் காட்டினார்கள். நிறுவனத்தைக் கேட்டால் இறுதி முடிவு அரசுடையது என்றார்கள்.

ஹாம்பர்க்கில் கேட்டார்கள்

இண்டியானாவில் முன்கூட்டி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. 'நடத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்' என்று நீங்கள் எண்ணக்கூடும். ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் நடத்தினார்கள்.

ஹாம்பர்க் நகரமாகவும் மாநிலமாகவும் ஒருசேர விளங்குவது. அதற்குச் சொந்தமாக ஏழு மருத்துவமனைகள் கொண்ட பெரிய நிறுவனம் ஒன்று இருந்தது. கடனும் ஊழியர் ஓய்வூதியச் சுமையும் கூடிவிட்டதால், அதன் பெரும்பான்மைப் பங்கைத் தனியாருக்கு விற்க மேயர் ஓலே ஃபான் போய்ஸ்ட்டின் அரசு முடிவு செய்தது. தொழிற்சங்கத்தார் முன்னின்று, 'உடல்நலம் விற்பனைச் சரக்கன்று' என்ற முழக்கத்துடன் கையொப்பம் திரட்டி, மக்கள் வாக்கெடுப்புக்கு வழி செய்தார்கள். 2004 பிப்ரவரி 29 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 76.8 விழுக்காட்டினர் விற்கக் கூடாது என்றார்கள்.

அதே நாளில் நகரின் சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. மருத்துவமனைகளை விற்கப் போவதாகச் சொன்ன அதே மேயரின் கட்சி 47.2 விழுக்காடு வாக்குப் பெற்று, அறுதிப் பெரும்பான்மையுடன் ஆட்சியைப் பிடித்தது. ஒரே நாள், ஒரே வாக்குச் சாவடி, ஒரே வாக்காளர். ஒரு சீட்டில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்; மற்றொரு சீட்டில் அவருடைய திட்டத்தை மறுத்தார்கள். 'தேர்தலில் வென்றுவிட்டோம், ஆகவே எங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் மக்கள் ஒப்புதல் உண்டு' என்று சொல்லும் ஆட்சியாளர் எந்த நாட்டில் இருந்தாலும், அவருக்கு இந்த ஒரு நாளின் கணக்கைக் காட்டலாம்.

அரசு எந்தச் சீட்டைப் படித்தது? முதல் சீட்டைத்தான். வாக்கெடுப்பின் முடிவு சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2004 டிசம்பரில் ஹாம்பர்க்கின் அரசியலமைப்பு நீதிமன்றமும் கூறிவிட்டது. அஸ்கிளெப்பியோஸ் என்ற தனியார் மருத்துவமனை நிறுவனம் முதலில் 49.9 விழுக்காட்டையும், 2007-ல் மொத்தம் 74.9 விழுக்காட்டையும் பெற்றது.

விற்பனையின்போது ஊழியர்களுக்கு ஓர் உறுதி அளிக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மைப் பங்கு தனியாரிடம் போனால், விரும்புவோர் நகர அரசின் பணிக்குத் திரும்பலாம் என்பது அது. சிலர்தாம் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும். ஏறத்தாழ 1,960 பேர் திரும்பி வருகிறோம் என்றார்கள். செவிலியரும் சமையலறைப் பணியாளரும் எழுத்தரும் மருத்துவமனையை விட்டு அரசின் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்கு எங்கே வேலை கொடுப்பது என்று நகரம் திகைத்தது. வாக்குச் சீட்டில் சொன்னதைக் கேளாதவர்களுக்கு, உள்ளே இருந்தவர்கள் தம் கால்களால் சொன்ன கருத்து என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாம்பர்க் மக்கள் அந்த அவமதிப்பை மறக்கவில்லை. வாக்கெடுப்பின் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 2008-ல் நகரின் அரசியலமைப்பே அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2013 செப்டம்பரில் மின்சாரம், எரிவாயு முதலியவற்றின் விநியோக அமைப்புகளைத் தனியாரிடமிருந்து நகரம் திரும்ப வாங்க வேண்டுமா என்று மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் 50.9 விழுக்காட்டினர். மயிரிழை வேறுபாடுதான், ஆட்சியில் இருந்தவர்களுக்கும் அது உவப்பானதன்று. ஆயினும் நகரம் அவற்றை வாங்கியது.

மருத்துவமனைகள் மட்டும் திரும்பவில்லை. 74.9 விழுக்காடு இன்றும் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. நகரின் கையில் 25.1.